பவளத்துக்குப் பட்டினி போட்ட கதை

கண்ணாடியை மூன்று நாள் சுரண்டாமல் விட்டால் போதும், உள்ளே நீந்துவது எந்த மீன் என்றே தெரியாது. பாறைகள் மேல் தலைமுடி போல நீண்டு பாசி ஆடும். "பவளம் வளர்க்கிறேன்னு சொன்னே, வயல் போட்டிருக்கே?" என்று வீட்டுக்கு வந்த மாமா கேட்டார். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நான் ஆசையாக அமைத்த 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டியின் அன்றைய நிலை அது.

காரணம் பாஸ்பேட். அளந்து பார்த்தபோது 0.5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம். பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பொதுவாக 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நிம்மதியாகத் தூங்குவார்கள். திறந்த கடலின் பவளப்பாறைகளில் அதைவிடவும் குறைவு.

எல்லாரையும் போல நானும் முதலில் குழாய்த் தண்ணீரைத்தான் சந்தேகித்தேன். ஆர்.ஓ. வடிகட்டி வாங்கி மாட்டினேன். அளவு இறங்கவில்லை. பிறகுதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீனுக்குப் போடும் உலர் தீனியில் ஏறத்தாழ 1 விழுக்காடு பாஸ்பரஸ் இருக்கும். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம். அது முழுவதும் பாஸ்பேட்டாக மாறினால் 30 மில்லிகிராம். என் தொட்டியில் அது மட்டுமே 0.15 பிபிஎம்! எல்லாமே தண்ணீரில் கரைந்துவிடாது, உண்மைதான். ஆனாலும் மீன் கண்ணாடியருகே வந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் இரக்கப்பட்டு ஒரு சிட்டிகை போட்ட கை என்னுடையதுதான். உறைந்த இறாலைக் கழுவாமல் அதன் நீரோடு கொட்டியதும் அதே கைதான்.

பாசி கண்ணுக்கு அசிங்கம், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. கல் பவளம் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் கூட்டைக் கட்டுகிறது. அந்தச் சுண்ணாம்புப் படிகம் ஒழுங்காக வளர பாஸ்பேட் இடையூறு செய்யும். ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் 1990களில் ஆய்வாளர்கள் சிறு பவளத் திட்டுகளில் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த இடத்தில் பவளம் நீளமாக வளர்ந்தது. ஆனால் கூட்டின் அடர்த்தி குறைந்து எளிதில் உடையக்கூடியதாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டுப் பதற்றத்தோடு கடைக்குப் போனேன். இரும்பு ஆக்சைடு மணிகளைக் கொடுத்தார்கள். துரு நிறத்தில் காப்பித்தூள் போல இருக்கும். தண்ணீர் அதன் வழியே ஓடும்போது பாஸ்பேட் அதில் ஒட்டிக்கொள்ளும். நல்ல பொருள்தான். சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு போட்டது என் அவசரம். ஒரே வாரத்தில் 0.5 பூச்சியமானது. வெற்றி என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் அக்ரோபோரா பவளத்தின் அடிப்பகுதியில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. பச்சைப் பாசி போன இடத்தில் குமிழி கோத்த பழுப்புச் சளி படர்ந்தது. டைனோஃபிளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர். மற்ற பாசிகள் பட்டினியால் ஒடுங்கியதும் இது தலைதூக்கும். ஐந்து அக்ரோபோராவில் நான்கு போய்விட்டன. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்குச் சோறு சமைக்கும் பாசிக்கும் பாஸ்பரஸ் தேவை என்பது அப்போதுதான் உறைத்தது. பாஸ்பேட் பற்றாக்குறையால் பவளம் எளிதில் வெளுத்துப்போகக்கூடும் என்று பிரிட்டனின் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2013இலேயே எழுதியிருக்கிறது. கல் பவளங்கள் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. நாடு விட்டு நாடு போக அனுமதிப் பத்திரம் வேண்டிய உயிர்கள். நான்கைக் குப்பையில் போட்ட அன்று சோறு இறங்கவில்லை.

மீந்த ஒன்றுக்காக மறுபடி தொடங்கினேன், இம்முறை மெதுவாக. மணிகளைக் கழற்றியதும் சில வாரங்களில் அளவு தானாகவே 0.3க்கு ஏறியது. பாறையும் மணலும் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் பழைய கடனைத் திருப்பிக் கொடுப்பது போல வெளியே விடும். தண்ணீர் மாற்றினால் மட்டும் ஏன் தீரவில்லை என்பதும் அப்போது விளங்கியது. ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் குறைவது ஐந்தில் ஒரு பங்குதான். அதையும் பாறை நிரப்பிவிடும்.

தீனி ஒரு நாளைக்கு ஒரே வேளை. இறாலை வடிகட்டியில் அலசித்தான் போடுவேன். மணிகள் சொன்ன அளவில் கால் பங்கு. கீழ்த்தொட்டியில் கீட்டோ பாசியை வளர்த்து, இரவில் அதற்கு விளக்குப் போடுகிறேன். அது தின்று பெருத்ததும் ஒரு கைப்பிடி பிடுங்கி எறிந்தால் பாஸ்பேட்டும் சேர்ந்து வெளியேறும். சிலர் பாக்டீரியாவைப் பெருக்க வோட்கா ஊற்றுவார்கள். நம் ஊர் வோட்கா விலைக்குப் பவளம் குடிக்க வேண்டியதில்லை, வெள்ளை வினிகரே போதும். லாந்தனம் குளோரைடு மிக வேகமானது. நுண்ணிய வடிகட்டி இல்லாமல் ஊற்றினால் மீனுக்கு ஆபத்து. நான் தொடவில்லை.

தொட்டியில் பாசி நிறைந்திருக்கும்போது சோதனைக் கருவி பூச்சியம் காட்டினாலும் நம்பாதீர்கள். பாஸ்பேட்டைப் பாசி தின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். சில கருவிகள் பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரசை பிபிபி கணக்கில் காட்டும், அதை 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். கரையிலிருந்து கடல்நீர் மொண்டு வந்தால் செலவு மிச்சம் என்பவர்களுக்கு ஒன்று: சுங்கை பினாங்கு எதைச் சுமந்துகொண்டு கடலில் சேர்கிறது என்று ஒருமுறை ஜெலுத்தோங் பக்கம் போய்ப் பாருங்கள். பவளம் பார்க்க இங்கிருந்து வடக்கே புலாவ் பாயார் வரை படகேறுகிறவர்கள் நாம்.

0.3 என்பது 0.08 ஆக ஆறு மாதம் பிடித்தது. கண்ணாடியில் இன்னும் கொஞ்சம் பச்சை படிகிறது; வாரம் ஒருமுறை துடைக்கிறேன். தப்பிய அக்ரோபோராவின் நுனிகளில் போன மாதம் வெள்ளையாகப் புது மொட்டுகள் வந்தன. வெளுப்போ என்று பயந்து விளக்கடித்துப் பார்த்தேன். வளர்ச்சிதான்.