டங்கன் துரையின் படப்பெட்டி எங்கே?

சாரல் விழத் தொடங்கினால் போதும், பத்திரிகைகளுக்குக் குற்றால நினைப்பு வந்துவிடும். ஐந்தருவி, பழைய குற்றாலம், பார்டர் புரோட்டா என்று எல்லாவற்றையும் எழுதித் தீர்த்தாயிற்று. இந்த வருஷம் ஆசிரியர் குழு கேட்டது வேறு. தென்காசிப் பக்கத்துக்கும் ஹாலிவுட்டுக்கும் ஏதாவது முடிச்சு உண்டா? உண்டு. அதற்கு அருவிக்கரையை விட்டுச் செங்கோட்டைக்குப் போக வேண்டும்.

நாடக மேடையை ஆண்ட செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 27. அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார், ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். அவரைப் பேசும்படத்துக்கு இழுக்க ஒரு வழிதான் இருந்தது. ஆண் வேஷம்! ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தில் 1935-ல் ‘பக்த நந்தனார்’ ஆனார். இயக்கியவர் மாணிக்லால் டாண்டன், படப்பிடிப்பு கல்கத்தாவில். கலிபோர்னியாவில் டாண்டனோடு சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன் அப்போதுதான் இந்தியாவில் வந்து இறங்கியிருந்தார். வேடிக்கை பார்க்கப் போனவரிடம் சில காட்சிகளைப் படம்பிடிக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. ஓஹியோக்காரருக்குத் தமிழ் சினிமா அறிமுகமானது இப்படித்தான், செங்கோட்டைக் குடும்பத்து மருமகள் நடித்த படத்தில்.

ஹாலிவுட் இயக்குநர் என்று அவரை நாம் பெருமையாகச் சொல்கிறோமே தவிர, ஹாலிவுட்டில் அவர் பெயர் அப்படியொன்றும் பெரிதில்லை. 1909-ல் பிறந்தவர், படிப்பு முடிந்த கையோடு கப்பலேறிவிட்டார். கொஞ்ச நாள் தங்கிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. தங்கியது பதினைந்து வருஷம். ‘சதிலீலாவதி’, ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘பொன்முடி’, ‘மந்திரி குமாரி’ என்று பட்டியல் நீளும். எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா இருவரும் முதன்முதலாகத் திரையில் தலைகாட்டியது 1936-ல் வந்த அவருடைய ‘சதிலீலாவதி’யில். பதினாலு வருஷம் கழித்து எம்.ஜி.ஆருக்குப் பெரிய ஏணியாக அமைந்த ‘மந்திரி குமாரி’யும் அவர் தொடங்கியதுதான். அதைப் பாதியில் விட்டு அமெரிக்கா போய்விட, மிச்சத்தை டி.ஆர். சுந்தரம் முடித்தார். வசனம் மு. கருணாநிதி. இந்தக் கதையெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும்.

அதிகம் பேசப்படாதது டங்கன் வேலை செய்த விதம். கடைசிவரை அவருக்குத் தமிழ் வரவில்லை. வசனத்தை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உச்சரிப்பைக் கவனிக்க ஆள் வைத்துப் படமெடுத்தார். காது உதவாததால் கண்ணை நம்பினார் என்பது என் கட்சி. அன்றைய படங்களில் பல, நாடகத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல எடுத்தவை. கேமரா நின்ற இடத்திலேயே நிற்கும். நடிகர் வருவார், பாடுவார், போவார். டங்கன் கேமராவை நகர்த்தினார், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ‘அம்பிகாபதி’யில் பாகவதரும் சந்தானலட்சுமியும் சந்திக்கும் மாடக் காட்சிக்கு ரோமியோ ஜூலியட்டிலிருந்து யோசனை எடுத்தார். ‘மீரா’வுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைச் சிலையாக வார்த்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து அதன்மேல் விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எந்தக் கோணத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று முடிவான பிறகுதான் அசல் எம்.எஸ். விளக்கு முன்னால் வந்து நின்றார். அந்தப் படத்துக்குப் பாட்டு எழுதியவர்களில் ஒருவர் கல்கி. ரசிகமணி டி.கே.சி.யைத் தேடிக் குற்றாலத்துக்கு அடிக்கடி வந்து போனவர் என்பதால் அவரும் நமக்கு அசலூர்க்காரர் இல்லை. 1947-ல் ‘மீரா’ இந்திக்குப் போனபோது திரையில் தோன்றி அறிமுகம் செய்துவைத்தவர் சரோஜினி நாயுடு.

காதல் காட்சிகளில் வெள்ளைக்காரர் அத்துமீறுகிறார் என்று ‘பொன்முடி’ வந்த காலத்தில் ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. ‘சதிலீலாவதி’யை இன்று யாராலும் பார்க்க முடியாது. பிரதியே கிடையாது. எம்.ஜி.ஆரின் முதல் படம், எஸ்.எஸ். வாசன் எழுதிய தொடர்கதையிலிருந்து வந்த படம், கதை யாருடையது என்று கோர்ட் வரை போன படம், நாலைந்து புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமுமாகச் சுருங்கிவிட்டது. கிட்டப்பாவின் குரலாவது இசைத்தட்டில் பிழைத்தது. டங்கனின் முதல் படத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தப்பிப் பிழைத்த படமும் ஒன்று உண்டு. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த நாளில் அந்தச் சமஸ்தானத்தில் ‘மார்த்தாண்ட வர்மா’ என்றொரு ஊமைப்படம் எடுத்தார்கள். நாவலின் உரிமை பெறாமல் எடுத்ததாக வழக்கு வந்து, பிரதி பறிமுதலானது. பூட்டிப் போட்ட அந்தப் பிரதிதான் பின்னாளில் பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும். தடை விழுந்ததால் தப்பியது! தமிழ் சினிமாவைக் காப்பாற்ற எல்லாப் படத்துக்கும் ஒரு தடையுத்தரவு வாங்கியிருக்கலாமோ என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட்டில் செய்தது. நெருப்புப் பட்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டாலும் வெக்கையும் ஈரமும் அதை மெல்லத் தின்றுவிடும். படம் ஓடி முடிந்த பிரதியை உருக்கி அதிலிருக்கும் வெள்ளியை எடுப்பது உலகமெங்கும் நடந்ததுதான். பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பெட்டி கடைசியாக வந்து சேரும் இடம் நம்மூர் மாதிரி ஊர்களின் டூரிங் கொட்டகை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு என்ன ஆனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. சுந்தரபாண்டியபுரம் பக்கம் ‘அந்நியன்’ படத்துக்காக முகங்கள் வரைந்த பாறையைப் பார்க்க வேன் பிடித்துப் போகிறோம். 2005-ல் வந்த படத்தின் செட்டுக்கு உள்ள மவுசில் கால்வாசி 1936-ல் வந்த படத்தின் சுருளுக்கு இருந்திருக்கலாம்.

டங்கன் ஊர் திரும்பியபின் வீலிங் நகரத்தில் ஆவணப்படங்கள் எடுத்தார், இந்தியாவில் நடந்த ஹாலிவுட் படப்பிடிப்புகளுக்கு வந்து கைகொடுத்தார், 2001-ல் 92 வயதில் காலமானார்.

தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரத்தில் பழைய டாக்கீஸ் நடத்தியவர்களின் வாரிசுகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மச்சிலோ பரணிலோ துருப்பிடித்த வட்டத் தகர டப்பா கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. வெயிலிலும் காயவைக்காதீர்கள். சுருளைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, டப்பாவின் மேல் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பூனா ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போடுங்கள்.