ஞானப்பல்லுக்கு ஒரு பொய்த் தாடை

பல் வைத்தியம் பயில்வோர் மனிதர் வாயில் கை வைப்பதற்குமுன் பழகிக்கொள்ளட்டும் என்று, 1894-ஆம் வருஷத்தில் ஆஸ்வால்ட் பெர்கஸ் என்பவர், பித்தளைக் கம்பி ஒன்றில் இரண்டு உலோகத் தாடைகளை மாட்டிக் கொடுத்தார். மாணாக்கர் பழகும் பொம்மைத் தலையின் வமிசம் அதிலிருந்து தொடங்குகிறது.

சொத்தையைத் தோண்டி அடைக்கப் பழக அவ்வளவு போதும். ரண சிகிச்சைக்குப் போதாது. கீழ்த்தாடைக் கோடியில், முளைக்க வழியின்றி எலும்புக்குள் சாய்ந்து புதைந்திருக்கும் ஞானப்பல்லை எடுப்பதென்றால், ஈறைக் கீறி, அடியிலுள்ள எலும்புச் சவ்வோடு சேர்த்து உயர்த்தி, மறைக்கும் எலும்பை அளவாகச் சீவி, வேண்டுமாயின் பல்லையும் துண்டாக்கி வெளிக்கொணர வேண்டும். வேருக்கு அடியிலோ, சிலருக்கு வேரை உரசிக்கொண்டோ, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. நாக்குப் பக்கத்து எலும்பை ஒட்டி நாவின் நரம்பு.

இந்நாளில் நோயாளி ஒருவரின் ஸ்கேன் படத்தைக் கொண்டே முப்பரிமாண அச்சில் தாடையைப் பிசினால் உருவாக்கி, சிலிக்கோன் ஈறு போர்த்தி, நரம்பின் பாதையையும் உள்ளே அமைக்கிறார்கள். எவருக்கும் வலியில்லை என்பது லாபந்தான். அதனினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது, வேலை முடிந்தபின் அத்தாடையை அறுத்துத் திறந்து, தன் கருவி நரம்புக்கு எத்தனை அருகில் போய் நின்றது என்பதை மாணாக்கர் பிரத்தியட்சமாகக் காணலாம் என்பதே. மெய்யான வாயில், மரத்த உதடு மரத்தபடியே இருந்தால்தான் விஷயம் வெளிப்படும்.

ஆனால் பிசினுக்கு வேகத் தெரியாது. உயிருள்ள எலும்பு 47 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிஷம் இருந்தாலே கெடத் தொடங்குமாதலால், சுழலும் கருவியின்மேல் உப்புநீர் இடைவிடாமல் பாய வேண்டும். மாதிரியில் நீரை மறந்தவரை ஆசிரியர்தாம் அதட்ட வேண்டும்.

விமானப் பயிற்சி யந்திரங்களில் கைதேர்ந்த மூக் கம்பெனியும் ஆம்ஸ்டர்டாமின் பல் வைத்தியக் கல்விக்கூடமும் சேர்ந்து உண்டாக்கிய 'சிமோடான்ட்' என்னும் பயிற்சி யந்திரமோ, பல்லே இல்லாத வெறும் வெளியில் கைப்பிடியை எதிர்த்துத் தள்ளி, ஸ்பரிசத்தையே சிருஷ்டிக்கிறது. வியக்கத்தக்கதுதான்; ஆயினும் என் பட்சபாதம் கோழிமுட்டையிடம். மேல்தாடைக் கடைவாய்க்கு மேலுள்ள காற்றறையின் உட்சவ்வைக் கிழிக்காமல் உயர்த்தி எலும்புத் தூள் நிரப்பினால்தான் சிலருக்குச் செயற்கைப் பல்லின் திருகை ஊன்ற முடியும். அதற்கு, பச்சை முட்டையின் ஓட்டில் சிறு ஜன்னல் வெட்டி, உள்தோல் கிழியாமல் ஓட்டை மட்டும் பெயர்க்கப் பழக்குகிறார்கள். கை இம்மி அழுந்தினாலும் வெள்ளைக்கரு கசிந்துவிடும்.

எச்சில், ரத்தம், குறுக்கே வரும் நாக்கு, திடீரென்று முகத்தைத் திருப்பும் மனிதர் ஆகிய இவை முட்டையிலுமில்லை, யந்திரத்திலுமில்லை. ஆகவே பொம்மையில் தேறியவரையும், முதலில் ஆசிரியர் அருகே நின்று கன்னத்தை விலக்கிப் பிடிக்கவும் எச்சிலை உறிஞ்சி எடுக்கவுமே விடுகிறார்கள்.