நம் காலடியில் நெருப்பு உண்டா?

ஆரியங்கோட்டுக்கு வடகிழக்கே அகத்தியர் மலை இருக்கிறது. அதன் உயரம் 1868 மீட்டர். நெய்யாறு அங்கேதான் பிறக்கிறது. இந்த மலை என்றாவது எரிமலையாக வெடிக்குமா? நம் காலடியில் நெருப்பு இருக்கிறதா?

பூமியின் உள்ளே ஆழம் போகப் போகச் சூடு கூடும். கர்நாடகத்தில் கோலார் தங்கச் சுரங்கம் இருந்தது. தமிழர் பலர் அங்கே வேலை செய்தார்கள். சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

இன்னும் மிக ஆழத்தில் சூடு 1000 டிகிரிக்கும் மேல். ஆனாலும் அங்கே பாறை உருகுவதில்லை. ஏன்? மேலே உள்ள பாறையின் பாரம் அதை அழுத்திப் பிடிக்கிறது. குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் பாறை எங்கே உருகுகிறது? சில இடங்களில் மட்டுமே. அந்தமான் கடலில் பேரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் இன்று உயிருள்ள எரிமலை அது ஒன்றுதான். போர்ட் பிளேர் நகரிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர் தூரம். அந்த நகரின் பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். தீவில் மக்கள் யாரும் இல்லை. 150 ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்த எரிமலை 1991இல் மீண்டும் வெடித்தது. பிறகும் பலமுறை வெடித்தது.

அங்கே நடப்பது என்ன? கடலின் அடித்தரை மெல்ல நகர்ந்து பூமிக்குள் அமிழ்கிறது. ஈரம் ஊறிய பாறையும் சேர்ந்து போகிறது. ஆழத்தில் அந்த நீர் பிரிந்து, மேலே உள்ள சூடான பாறையில் சேர்கிறது. பனிக்கட்டியில் உப்புப் போட்டால் சீக்கிரம் உருகும். நீர் சேர்ந்த பாறையும் அப்படியே குறைந்த சூட்டில் உருகும். உருகியது பாறைக்குழம்பு. அது கனம் குறைந்தது. அதனால் மேலே ஏறுகிறது. வழியில் தேங்கி நிற்கிறது. ஒரு நாள் வாயுவின் வேகத்தில் வெளியே வருகிறது.

எல்லாக் குழம்பும் வெளியே வருவதில்லை. பெரும்பகுதி உள்ளேயே தங்கி ஆறுகிறது. கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். சிரட்டையில் ஊற்றிய பாகு சீக்கிரம் இறுகும். பனங்கற்கண்டுக்குப் பாகைப் பல நாள் அசையாமல் வைப்பார்கள். அப்போதுதான் பெரிய மணிகள் விளையும். பாறையும் இப்படித்தான். தரைமேல் வந்த குழம்பு விரைவில் ஆறும். அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஆழத்தில் தங்கிய குழம்பு ஆறப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். சில இடங்களில் பல லட்சம் ஆண்டுகளும் ஆகும். அதில் பெரிய மணிகள் மின்னும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கல்குவாரியில் உடைத்த கல்லை எடுத்துப் பாருங்கள். வரிவரியாக இருக்கும். மணிகளும் தெரியும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை அது. பிறகு மேலே வந்தது. ஆறியும் போனது. இங்கே கடலின் அடித்தரை அமிழவில்லை. பாறையை உருக்கும் காரணம் எதுவும் இல்லை. அகத்தியர் மலை எரிமலை அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1998இல் திருநெல்வேலிக்கு அருகே அபிஷேகப்பட்டியில் தரையிலிருந்து உருகிய பாறை வந்ததாகச் செய்தி பரவியது. எரிமலையோ என்று மக்கள் அஞ்சினார்கள். தரை உருக வேறொரு காரணமும் உண்டு. அது மின்சாரம். உயர் அழுத்த மின்சாரம் தரையில் பாய்ந்தால் மண் உருகும். ஆறியபின் கறுத்த கண்ணாடி போல ஆகும்.

மின்கம்பத்தின் அருகே தரை புகைகிறதா? மண் கொதிக்கிறதா? கிட்டே போகாதீர்கள். குழந்தைகளையும் மாடுகளையும் விலக்குங்கள். கம்பால் கிளறாதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 1912 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

நமக்குக் கீழே எரிமலை இல்லை. அதற்காக அஞ்ச வேண்டாம். மின்சாரத்திடம்தான் எச்சரிக்கை வேண்டும்.