உளிக்குக் கூர்மை, கைக்குக் காவல்

அழகிய பொருளொன்றைக் கண்டால் “கடைந்தெடுத்தாற் போல்” என்கிறோம். அச்சொல்லின் பொருளைக் கடைசற் பட்டறையிற் கண்ணாரக் காணலாம். பம்பரமும் தொட்டிற்காலும் மரச்செப்பும் அங்கேதான் உருப்பெறுகின்றன.

இரத்தினபுரியில் மாணிக்கக் கல்லுக்குப் பட்டை தீட்டுவோரை நம்மவர் பலர் பார்த்திருப்பர். அங்கே சக்கரம் சுழலும். கல் கையில் நிற்கும். மரக் கடைசலிலோ மரமே சுழலும். உளி கையில் நிற்கும்.

உளிகள் பலவகை. வாய்க்கால்போற் குழிந்த அகன்ற உளி, சதுரக் கட்டையை உருளையாக்கும். இதனைக் கொண்டு கிண்ணம் குடையலாகாது. அதற்குத் தடித்த தண்டுடைய வேறு குழியுளி உண்டு. சரிந்த வாயுடைய தட்டையுளி மேற்பரப்பை வழவழப்பாக்கும். ஆனால் அதன் மேல்முனை மரத்திற் பட்டால் உளி பாய்ந்துவிடும். ஒடுங்கிய வெட்டுளி அளவு குறிக்கவும் துண்டிக்கவும் உதவும். சுரண்டுளி இறுதித் திருத்தத்திற்கு உரியது.

என் மாணவனொருவன் மழுங்கிய உளியை வலிந்து அழுத்தினான். அது மரத்திற் கவ்வித் தெறித்தது. நல்லவேளை, விரல் தப்பியது. கூரிய உளிக்கு அஞ்சுகிறோம்; உண்மையில் அஞ்சத்தக்கது மழுங்கிய உளியே. கூரியது மெல்லத் தொட்டாலே சீவும். மழுங்கியதற்குப் பலம் வேண்டும். பலம் மிகுந்தால் பிடி தவறும்.

எனவே தீட்டக் கற்பதே முதற்பாடம். உளியின் சாய்முகத்தில் மை பூசுங்கள். சாணைச் சக்கரத்தில் இலேசாக வைத்து எடுங்கள். மை முழுவதும் ஒரேசீராக அழிந்தால் கோணம் சரி. பழைய கரியுருக்கு உளியாயின் அடிக்கடி நீரில் தோய்க்க வேண்டும். நீலம் பாய்ந்தால் அதன் உரம் போய்விடும். இக்காலத்து அதிவேக உருக்கு உளியைச் சூட்டோடு நீரில் அமிழ்த்தலாகாது, நுண்வெடிப்பு உண்டாகலாம்.

கடையும்போது கண்ணாடி அணிக. தொங்கும் சட்டைக்கை வேண்டாம். உளியை முதலில் தாங்கியில் ஊன்றி, பின்னரே மரத்தைத் தொடுக.

1904இல் பலாங்கொடைப் பகுதியில் தோரியனைற்றுக் கனியத்தைக் கண்டறிந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட தம் நூலில் அரக்குக் கடைசற்காரரின் தொழிலையும் ஆராய்ந்து எழுதினார். அறிஞர் மதித்த தொழிலை நாம் இழிவாகக் கருதலாமோ?

சப்பிரகமுவத் தோட்டங்களிற் பால் வற்றிய இறப்பர் மரம் முன்னர் பெரும்பாலும் விறகாயிற்று; இன்று தளபாடமாகிறது. மரம் நம் முற்றத்தில் உண்டு. உளியைத் தீட்டும் பொறுமையை நம் பிள்ளைகள் பெற்றால், அதுவே ஒரு தொழிலுக்கு முதலாகும்.