புதிய வீட்டில் பார்வையற்றவர்: குடும்பத்தினர் கவனத்திற்கு

இலங்கைப் போரினால் 1983 முதல் தமிழகம் வந்த குடும்பங்களில் பல, கடலூர் மாவட்ட மறுவாழ்வு முகாம்களில் வாழ்கின்றன. முகாம்களின் பழுதடைந்த வீடுகளுக்கு மாற்றாகப் புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை அரசு 2021-இல் அறிவித்தது. பார்வையற்றவர் பழைய வீட்டைக் காலடிக் கணக்கால் அறிந்திருப்பார். புதிய வீட்டில் அக்கணக்கு உதவாது. தடுக்கி விழ நேரிடலாம்.

செய்ய வேண்டியவை

• வாசல், கழிவறை, அடுப்பு, குடிநீர்க் குழாய் ஆகிய இடங்களுக்குப் பலமுறை உடன் நடந்து பழக்க வேண்டும். அவரே உங்கள் முழங்கையைப் பற்றிக்கொள்ளட்டும். இழுத்துச் செல்லக் கூடாது.

• அவரிடம் சொல்லாமல் பொருள்களை இடம் மாற்றக் கூடாது. கதவுகளைப் பாதி திறந்து வைக்கக் கூடாது.

• போர்க்காயத்தால் போன பார்வை திரும்பாது என நீங்களே முடிவு செய்ய வேண்டாம். காயத்தாலோ முதுமையாலோ வந்த கண்புரையாயின், அறுவை சிகிச்சையால் பார்வை மேம்படக்கூடும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.