மலேசியாவிலிருந்து மலையேறி வந்த தாளம்!

மூச்சு விடாமல் கடகடவென்று பாடுகிறார்களே, 'ராப்' பாட்டு... அது உங்களுக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அது அறிமுகமானது 2007-ஆம் ஆண்டில்தான். அறிமுகம் செய்து வைத்தவன், ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மாணவன் ஒருவன்!

அப்போது நான் ஏற்காட்டில் ஆசிரியராக இருந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் எங்கள் ஊர். சேர்வராயன் மலை முழுவதும் காப்பித் தோட்டங்கள்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பிச் செடியைக் கொண்டு வந்து நட்டார். அந்தச் செடிகளுக்கு நடுவே, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றிலிருந்து வருவான் அந்தப் பையன். பாட்டியோடு வசித்தான்.

மனப்பாடச் செய்யுள் என்றால் அவனுக்கு வேப்பங்காய். மொத்தம் எட்டே வரி. மூன்று நாளாகியும் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. ஆனால், பாடம் நடக்கும்போது விரல் மட்டும் பெஞ்சில் 'டக்கு டக்கு' என்று தட்டிக்கொண்டே இருக்கும். எனக்குக் கோபம் வந்தது. பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொல்லிவிட்டேன்.

அன்று மதியம் சத்துணவு சாப்பிட்டுவிட்டுத் தட்டு கழுவும் குழாயடியில் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தேன். ஒருவன் தட்டில் தாளம் போட, நடுவில் நின்று நம் ஆள் தமிழில் பொழிந்து தள்ளிக்கொண்டிருந்தான்! ஒரு சொல் தவறவில்லை. ஓர் இடத்தில் திக்கவில்லை. எட்டு வரி வராத பிள்ளைக்கு எண்பது வரி எப்படி வந்தது?

என்னைப் பார்த்ததும் கூட்டம் கலைந்தது. அவன் மட்டும் தட்டோடு நின்றான்.

''என்ன பாட்டுடா இது?''

''மடை திறந்து, சார்.''

''அது எஸ்.பி.பி. பாடின பாட்டாச்சே! 'நிழல்கள்' படம்.''

''இது வேற, சார். மலேசியாக்காரங்க பாடுனது. சேலத்துல மாமா வீட்டுல சி.டி. இருக்கு.''

அடுத்த வாரம் அந்தச் சி.டி.யை நானும் கேட்டேன். பெயர் 'வல்லவன்'. பாடியவர்கள் 'யோகி பி அண்ட் நட்சத்திரா'. கோலாலம்பூரைச் சேர்ந்த யோகி பி-யுடன், டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்று மேலும் இருவர். 2006-ல் வெளிவந்த ஆல்பம் அது. 1980-ல் இளையராஜா இசையில், வாலி எழுதி வந்த பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, நடுநடுவே தங்கள் சொந்த வரிகளை ராப்பாகப் போட்டிருந்தார்கள். பழைய வீட்டின் தூண்களை வைத்துப் புது வீடு கட்டுவது போல!

யோகி பி-க்கு அது முதல் ஆல்பம் அல்ல. அதற்கு முன்பே அவர் 'பொயட்டிக் அம்மோ' என்ற மலேசியக் குழுவில் இருந்தார். அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. அதில் ஆங்கிலம், மலாய், கான்டனீஸ் சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் ராப்! மலேசியப் பள்ளிக்கூட வாசலில் நின்றால் காதில் விழும் மொழிகள் இவைதாம் அல்லவா? அதே குழு 2000-லும் 2003-லும் மேலும் ஆல்பங்களை வெளியிட்டது. அப்புறம்தான் முழுக்க முழுக்கத் தமிழில் 'வல்லவன்'. 2007-ல் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' பாட்டிலும் யோகி பி-யின் குரல் கேட்டது. அதுவும் 1979-ல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படப் பாட்டின் புது வடிவம்தான்.

தமிழ் சினிமாவில் ராப் அதற்கு முன்பே நுழைந்துவிட்டது என்று அண்ணன், அக்காமார் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான். 1994-ல் 'காதலன்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் போட்ட 'பேட்டை ராப்' இருக்கிறது. சுரேஷ் பீட்டர்ஸ் பாட, கூடவே தேனி குஞ்சரம்மாள் தன் கிராமத்துக் குரலில் வெளுத்து வாங்கியிருப்பார். எனக்கு இன்றும் அந்த அம்மாள் பகுதிதான் பிடிக்கும்!

* * *

சரி, இந்தத் தாளம் எங்கே பிறந்தது?

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. ஏழைகள் நிறைய வாழ்ந்த இடம். 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறக்கும்போது புதுத் துணி வாங்கக் காசு சேர்ப்பதற்காகத் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு விருந்து வைத்தாள். பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட். பையன்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ். வயது 18. ஜமைக்கா தீவிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பம். 'டி.ஜே. கூல் ஹெர்க்' என்று உலகம் அவரை இன்று அழைக்கிறது.

அவர் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். பாட்டில் பாடகர் நிறுத்தி, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் எல்லோரும் உற்சாகமாக ஆடுகிறார்கள். அந்தச் சில விநாடிகளை நீட்டினால்? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகள், இரண்டு சுழலும் மேடைகள். முதல் தட்டில் டிரம்ஸ் முடியும்போது இரண்டாவது தட்டில் அதே இடத்தைத் தொடங்குவார். அது முடிவதற்குள் முதல் தட்டைக் கையால் பின்னுக்குச் சுழற்றி வைப்பார். இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் சில விநாடி, பல நிமிடங்கள் ஆகிவிடும். அந்தத் தாளத்துக்கு மேல் ஒருவர் மைக்கைப் பிடித்து எதுகை, மோனையோடு பேச ஆரம்பித்தார். இதுதான் ஹிப் ஹாப்!

ஆறு ஆண்டுகள் அது தெருவிலும் விருந்துகளிலும்தான் இருந்தது. அன்று இரவு பாடினால் அன்றோடு சரி, காற்றில் போய்விடும். 1979-ல் 'சுகர்ஹில் கேங்' என்ற மூவர் குழு 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தது. பாட்டின் நீளம் பதினான்கு நிமிடத்துக்கும் மேல்! நம் வீட்டுப் பெரியவர்கள் வைத்திருந்த பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டுத்தான் பிடிக்கும். ஆகவே, பன்னிரண்டு அங்குலத் தட்டில் வெளியிட்டார்கள். தட்டில் பதிந்த பிறகுதான் பிராங்க்ஸ் தெருவின் தாளம் கடல் தாண்டிப் போனது.

* * *

நம் பையனிடம் திரும்பி வருவோம். இத்தனையும் அன்று எனக்குத் தெரியாது. ஆனால், தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று மட்டும் உடனே புரிந்தது. இது நம் யாப்பிலக்கணத்தின் ஒன்றுவிட்ட தம்பி! முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. அடியின் கடைசி ஒலி ஒன்றினால் இயைபு. நம் பழைய செய்யுளில் எதுகையும் மோனையும்தான் ராஜா, ராணி. ராப்பிலோ இயைபுக்குத்தான் முதல் மரியாதை.

மறுநாள் வகுப்பில் நானே நான்கு வரி எழுதிப் போட்டேன். சிரிக்காமல் படியுங்கள்!

காலையில் மலையில் பனிமூட்டம்
காப்பிச் செடியில் அணிலாட்டம்
மணியை அடித்தால் ஓட்டம் ஓட்டம்
மாடிப் படியில் ஒரே கூட்டம்!

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, இரண்டிலும் நான்கிலும் கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். வகுப்பே குலுங்கியது. பக்கத்து வகுப்பிலிருந்து புகாரும் வந்தது. அது தனிக் கதை. பிறகு அதே தாளத்தில் பாடப் புத்தகச் செய்யுளைச் சொல்லச் சொன்னேன். எட்டு வரியையும் அவன் முதல் தடவையிலேயே சொல்லி முடித்தான். பெஞ்சில் நிற்க வைத்ததை நினைத்து எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

''இவ்வளவு தாளம் யாருடா சொல்லிக் கொடுத்தது?'' என்று கேட்டேன்.

''எங்க ஆயா, சார்'' என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுக்குப் போனேன். காப்பிப் பழம் பறிக்கும்போது பாடும் பாட்டுகள் அந்த அம்மாளுக்கு ஏராளமாகத் தெரிந்திருந்தன. ஒருத்தி முதல் வரி எடுத்துக் கொடுக்க, மற்றப் பெண்கள் பதில் பாடுவார்களாம். யார் கூடை முதலில் நிறைகிறது என்று போட்டியாம். கங்காணியைக் கேலி செய்து அந்த இடத்திலேயே வரி கட்டுவார்களாம்! அந்த அம்மாளின் சித்தப்பா ஒருவர் மலாயாவுக்கு ரப்பர் மரம் சீவக் கப்பல் ஏறினவர், திரும்பவே இல்லை. அவரைப் பற்றியும் ஒரு பாட்டு இருந்தது. நம் சேலம் மாவட்டத்திலிருந்தும் திருச்சி, தஞ்சாவூரிலிருந்தும் அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1938-ல் இந்திய அரசு தடை போடும் வரை கங்காணிகள் ஆள் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம்.

''மலேசியாவுல தமிழ்லயே பாடுறாங்களா, வாத்தியாரே? அட, நம்ம புள்ளைங்க!'' என்று அந்த அம்மாள் சிரித்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

என்னிடம் டேப் ரெக்கார்டர் இருந்தது. புதுக் காஸெட் இல்லை. ஒரு சினிமாப் பாட்டுக் காஸெட்டின் முதுகில் இருந்த இரண்டு ஓட்டைகளில் காகிதத்தை அடைத்து, அதன் மேலேயே பதிவு செய்தேன். ஏறக்குறைய நாற்பது நிமிடம். வீட்டுக்குக் கொண்டு வந்து அலமாரியில் வைத்தேன். வைத்தவன், வைத்தவன்தான்.

2011-ல் அந்த அம்மாள் காலமானார். அடுத்த வருடம் 'ஹிப் ஹாப் தமிழன்' என்ற ஆல்பத்துடன் ஆதியும் ஜீவாவும் வந்தார்கள். 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அதை எழுதிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து எழுதியதாகப் படித்தேன். படித்த அன்றே அலமாரியைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

போன வருடம் அந்த மாணவனே வந்து நின்றான். இப்போது சேலத்தில் வேன் ஓட்டுகிறான். இரண்டு வயதில் ஒரு மகள்.

''ஆயா குரல் உங்ககிட்ட இருக்குல்ல, சார்? பாப்பாவுக்குப் போட்டுக் காட்டணும்.''

காஸெட்டை எடுத்தேன். ஏற்காட்டு ஈரம் உங்களுக்குத் தெரியும்தானே? தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கும் ஊர். நாடா முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ரெக்கார்டரில் போட்டால் அறுந்துவிடும் என்று பயம்.

சேலத்தில் பழைய டேப் ரெக்கார்டர்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை அவனே தேடிப் பிடித்தான். அவர் நாடாவை வெளியே எடுத்து, பஞ்சால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, வேறு காஸெட்டில் சுற்றினார். இரண்டு வாரம் ஆனது. முதல் பக்கம் ஓடியது. கொஞ்சம் இரைச்சல், ஒரு சேவல் கூவல், என் தொண்டைக் கனைப்பு... அப்புறம் அந்தக் குரல். வேனிலேயே உட்கார்ந்து கேட்டோம். ஸ்டியரிங்கில் அவன் விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

மலாயா பாட்டு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் இன்னும் சரியாகவில்லை. பெரியவர் மார்கழி கழியட்டும், ஈரம் குறைந்த பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்.