ஆற்றுக்குரிய நிலம்

மழைக்காலத்தில் கரைபுரளும் ஆறு இருமருங்கிலுமுள்ள தாழ்ந்த நிலத்தில் பரவி, வண்டலைப் படியவிட்டு வடிகிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் இவ்வாறு அமைந்த நிலமே வெள்ளச் சமவெளி எனப்படும். கோடையில் அது வெற்று நிலமாகத் தோன்றினும், பெருக்குக் காலத்தில் ஆற்றின் ஒரு பகுதியேயாகும். அதன் செழிப்பு உழவரையும், அதன் சமதரை வீடு கட்டுவோரையும் ஈர்க்கின்றன. அங்கு எழும்பும் ஒவ்வொரு சுவரும் நீர் பரவும் இடத்தைக் குறைக்கிறது.

தில்லியில் யமுனையின் நீர்மட்டம் பழைய ரயில்வே பாலத்தில் அளக்கப்படுகிறது. அங்கு அபாய மட்டம் 205.33 மீட்டர். 2019 ஆகஸ்டில், மேற்புறத்திலுள்ள ஹத்னிகுண்டு கதவணையிலிருந்து வினாடிக்கு 8 லட்சம் கன அடிக்கு மேல் நீர் வெளியேறிற்று. தில்லியில் மட்டம் 206.60 மீட்டரை எட்டிற்று. 2023 ஜூலையில் வெளியேறிய உச்ச அளவு ஏறத்தாழ 3.6 லட்சம் கன அடியே. எனினும் மட்டம் 208.66 மீட்டருக்கு உயர்ந்து, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டரையும் கடந்தது. நீர்வரத்து நெடுநேரம் நீடித்தமை, தில்லியிலுள்ள கதவணையொன்றின் சில கதவுகள் திறவாமை, படுகையில் வண்டல் சேர்ந்தமை, கரையோர ஆக்கிரமிப்பு ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. வரும் நீரின் அளவோடு, அது செல்வதற்கு எஞ்சியுள்ள இடமும் வெள்ளத்தின் உயரத்தை நிர்ணயிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

கரை எழுப்புவது மட்டுமே இதற்குப் பரிகாரமாகாது. 2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளத்தின் குசஹா அருகே கோசியின் கரை உடைந்தபோது, அக்கரையை நம்பி வாழ்ந்த பீகார் மக்கள் பல லட்சம் பேர் அல்லலுற்றனர்.

ஆதலால், நிலத்தை அதன் அபாயத்திற்கேற்பப் பயன்படுத்துவதற்கென 1975இல் மத்திய அரசு மாதிரி மசோதா ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. பின்னர் வகுக்கப்பட்ட முறைப்படி, மருத்துவமனை, மின்நிலையம், குடிநீர் நிலையம் போன்றவை நூறாண்டுப் பெருக்கின் மட்டத்திற்கு மேல் அமைய வேண்டும். அலுவலகங்களும் குடியிருப்புகளும் இருபத்தைந்தாண்டுப் பெருக்கின் மட்டத்திற்கு மேல் அமையலாம். அடிக்கடி நீர் சூழும் தாழ்நிலம் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உரியது. மணிப்பூர் 1978இலும் உத்தராகண்டம் 2012இலும் இத்தகைய சட்டம் இயற்றின. இவ்வழியைப் பின்பற்றிய மாநிலங்கள் சிலவே.

‘நூறாண்டுப் பெருக்கு’ என்பது நூறாண்டுக்கொருமுறை தவறாது வருவதன்று. எந்த ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. முப்பதாண்டு நிற்கும் வீடொன்று அதனை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் எளிதில் விளக்கலாம். களப்பணியாளர்கள் ஒவ்வொரு பெருக்கின் உச்ச மட்டத்தையும் பாலத்தூணிலோ பள்ளிச் சுவரிலோ ஆண்டுடன் பொறித்து, பதிவேட்டிலும் எழுதி வைத்தல் நலம். நீர் வடிந்ததும் மக்கள் வெள்ளத்தை மறப்பது இயல்பு. அடுத்த வீட்டுக்கு அடித்தளம் இடுமுன் அக்குறியைக் காண்போர், அவ்விடம் யாருக்குரியதென்பதை உணர்வர்.